வெள்ளிக்கிழமை மேய்ச்சல்

செப்டம்பர் 13, வெள்ளி

செம்மணேரி விலக்கில் இறங்கும்போது மணி ஐந்து. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் என் தோளில் சாய்ந்து தூங்கினார். ஒரு பார்வை பார்த்தேன், எழுந்துபோய் நின்றுகொண்டார். கல்லூரியில் எனக்கு முள்ளம்பன்றி என்று பெயர். மாணவர்கள் வைத்தது, ஆசிரியர் அறையிலும் அதுதான் புழக்கம். மங்கையர்க்கரசி என்ற முழுப் பெயரைச் சொல்ல அவர்களுக்கு நேரமில்லை போலிருக்கிறது.

இரண்டாம் ஆண்டுக் கணக்கெடுப்பு இன்று தொடக்கம். மார்ச் 31-க்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். இரண்டு முறை காலநீட்டிப்பு வாங்கியாயிற்று, மூன்றாவது கிடையாது. தவறினால் பதிவு ரத்து, ஏழு வருட உழைப்பு பழைய காகிதக் கடைக்கு. நாற்பத்து நான்கு வயதில் மறுபடி முதலிலிருந்து தொடங்க எனக்குத் தெம்பு இல்லை. பயமாகத்தான் இருக்கிறது. இங்கே எழுதிவிட்டேன், வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன்.

வழிகாட்டி, முனைவர் நிலவழகன். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் அவன் மூன்றாம் ஆண்டு மாணவன். செய்முறைத் தேர்வில் பூவின் நெடுக்குவெட்டைத் தலைகீழாக வரைந்துவிட்டு, தொங்கும் பூ என்று வாதாடியவன். இப்போது அவர் கையெழுத்து இல்லாமல் எனக்கு எதுவும் நகராது. முகத்துக்கு நேரே ‘சார்’, இந்த நோட்டில் ‘பால்குடி’.

ஆய்வு எளிது. செம்மணேரியில் கல்லூரிக்குச் சொந்தமான புதர்க்காட்டில் தூதுவளை மண்டிக் கிடக்கிறது. ஒரு செடிக்குத் தண்டெல்லாம் முள், பக்கத்துச் செடிக்குப் பெயருக்கு நாலு. ஒரே பழத்தின் விதையில் முளைத்தவைகூட ஒன்று போல் இல்லை. ஆடு மேயும் இடத்தில் முள் குறைந்தது தின்னப்படும், முள் மிகுந்தது தப்பித்து அதிகம் காய்க்கும். ஆடு புக முடியாத வேலிக்குள் முள் வளர்ப்பது வீண் செலவு, ஆகவே அங்கே முள் குறைந்த செடிதான் செழிக்க வேண்டும். வேலிக்குள் நூற்றிருபது செடி, வெளியே நூற்றிருபது. நிறைய முள் இருந்தால் சிவப்புத் துணி, நடுத்தரத்துக்கு மஞ்சள், குறைவுக்குப் பச்சை. ஒவ்வொரு துணியிலும் அழியாத மையில் எண். துணியெல்லாம் லூர்தம்மாவின் பழைய சேலை.

லூர்தம்மா நான் இங்கே வாடகைக்குத் தங்கும் வீட்டின் சொந்தக்காரர். பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமையல். புருஷன் இல்லை, மகள் திருச்சியில். வெள்ளி மாலை முதல் ஞாயிறு வரை நான் அவர் வீட்டுப் பின்னறையில். மற்ற நாட்களில் வேலிச் சாவி அவரிடம். வேதக்காரர், அதனால் வெள்ளிக்கிழமை கவிச்சி கிடையாது, கீரைதான். இன்று தூதுவளைத் துவையல், சுடுசோறு, நல்லெண்ணெய். ஒரு முள் தட்டுப்படவில்லை. அதிலும் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் முட்டையை எண்ணும் அழகை லூர்தம்மா நடித்துக் காட்டியதில் எனக்குப் புரையேறிவிட்டது. ஒரு மணி நேரம் வீண்.

செப்டம்பர் 14, சனி

வெளிச் செடிகள் எண்ணி முடித்தேன். கையில் பதினேழு கீறல்.

அக்டோபர் 4, வெள்ளி

வேலிக்குள் ஏதோ சரியில்லை. பச்சைத் துணிச் செடிகள் மொட்டையாக நிற்கின்றன. சிவப்புத் துணிச் செடிகள் கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி தளதளவென்று இருக்கின்றன. அதாவது ஆடே இல்லாத இடத்தில், ஆடு மேய்கிற இடத்தைவிடக் கூடுதலாக முள் குறைந்த செடி அடி வாங்கியிருக்கிறது. போன வருடமே கொஞ்சம் அப்படித் தெரிந்தது, மழையின் மேல் பழியைப் போட்டுவிட்டேன்.

கம்பளிப் புழுவாக இருந்தால் இலையில் ஓட்டை இருக்கும். ஆடாக இருந்தால் பிய்த்துப்போட்டிருக்கும். இது காம்போடு சுத்தமாக வெட்டுப்பட்டிருக்கிறது.

இரவுச் சாப்பாட்டுக்குத் தூதுவளை ரசமும் துவையலும். கவலையிலும் மூன்று முறை சோறு வாங்கினேன். “சாப்புடுங்க டீச்சர், நெஞ்சுச் சளிய அத்துக் கொண்டாந்துரும்” என்றார் லூர்தம்மா. நான் டீச்சர் இல்லை, உதவிப் பேராசிரியர் என்று இரண்டாவது வருடமாகச் சொல்கிறேன். “ஆமா டீச்சர்” என்கிறார். பிறகு மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த கதையை ஆரம்பித்தார். பெண் பார்க்க வந்தவன் மிக்சரில் நிலக்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றானாம், அதனாலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். “பொறுக்கித் திங்கிறவன நம்பக் கூடாது டீச்சர்.” நான் ஆமோதித்தேன். எழுந்திருக்கும்போது மணி ஒன்பது. தரவுத்தாள் ஒன்றுகூட நிரப்பவில்லை.

அக்டோபர் 25, வெள்ளி

தேர்வுப் பணி. போகவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

ஆட்டுக்காரர் சோணையைப் பிடித்துச் சத்தம் போட்டேன். ராத்திரியில் வேலியைத் தூக்கி ஆட்டை உள்ளே விடுகிறார் என்று எனக்கு உறுதி. அவர் பீடியை அணைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

“டீச்சர், என் ஆடு வேலி தாண்டுற ஆடுதான், இல்லேங்கல. ஆனா தாண்டுச்சுன்னா தலைவரு வீட்டுக் கத்தரிச் செடிக்குப் போகுமே ஒழிய, உங்க முள்ளுக்கு என்னத்துக்கு வரப் போகுது? அதுக்கும் புத்தி இருக்குல்ல?”

சொன்னது நியாயம்தான். அதற்காகவே இன்னும் கொஞ்சம் திட்டினேன். இரண்டு வரிசை முள்கம்பி கூட்டி அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

லூர்தம்மா துவையல் அரைத்துக்கொண்டே, “பாவம், சோணை அப்புடிப்பட்ட ஆளு இல்ல டீச்சர்” என்றார். வேலிக்குள் வேறு யார் போக முடியும் என்று கேட்டேன். “அதான, யாரு போவா?” என்று அவரும் வியந்தார். சாவி அவர் இடுப்பில்தான் தொங்குகிறது, ஆகவே மனித நடமாட்டத்துக்கு வாய்ப்பே இல்லை. துவையலில் இன்று பூண்டு கூடுதல். நன்றாக இருந்தது. தயிர்ச்சோற்றுக்கும் அதையே தொட்டுக்கொண்டேன். என் அக்காவைப் பற்றி ஏனோ பேசினேன், பேசி ஆறு வருடம் ஆகிறது என்று. அவர் இன்னொரு உருண்டை வைத்தார்.

டிசம்பர் 6, வெள்ளி

அந்த விலங்கைப் பற்றி இதுவரை தெரிந்தவை: வாய் சிறியது, இரண்டு விரல் அகலத்துக்கு மேல் இல்லை. கொழுந்தைத்தான் தொடும். முள் இல்லாத செடியை எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறது, மோப்ப சக்தி அபாரம். எச்சம் எங்கும் கிடைக்கவில்லை. வெள்ளி மாலை நான் வரும்போது வெட்டு ஈரமாக இருக்கிறது, சனி ஞாயிறில் புது வெட்டு இல்லை. அதாவது என்னைக் கண்டு ஒளிகிறது. சின்ன வாய், சுத்தமான வெட்டு, கூச்ச சுபாவம். முயலாகத்தான் இருக்க வேண்டும்.

எனக்குச் சளி. ரசம் வந்தது. இரண்டு தம்ளர் குடித்ததும் மூக்கு திறந்துகொண்டது. முயலைப் பற்றி லூர்தம்மாவிடம் விரிவாகச் சொன்னேன். கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். “அடி ஆத்தி, அம்புட்டு விவரமா திங்குமா அது?” என்றார். இவ்வளவு கவனமாக என் வகுப்பில் யாரும் கேட்டதில்லை.

டிசம்பர் 27, வெள்ளி

லூர்தம்மா கிறிஸ்துமசுக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இந்த வாரம் வேலிக்குள் சேதமே இல்லை. முயலுக்கும் விடுமுறை போல.

ஜனவரி 10, வெள்ளி

பால்குடிக்கு முயல் மிகவும் பிடித்துவிட்டது. தனி அத்தியாயமே எழுதச் சொல்கிறார்.

பிப்ரவரி 7, வெள்ளி

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

மாலை ஆறரை மணி. தட்டில் சோறு, ரசம். இரண்டாவது வாயில் நூல் போல ஏதோ சிக்கியது. விரலால் எடுத்தேன். பச்சைத் துணி. கழுவிப் பார்த்தேன். என் கையெழுத்து, என் அழியாத மை: ‘வே-37’. வேலிக்குள் முப்பத்தேழாவது செடி. என் ஆய்வின் முப்பத்தேழாவது செடி என் பல்லிடுக்கில் இருந்தது.

“லூர்தம்மா, இந்த எலைய எங்க பறிச்சீங்க?”

“வேலிக்குள்ளதான், வேற எங்கிட்டு?” என்றார் அப்பளத்தைத் திருப்பிக்கொண்டே. “வெளிய உள்ளதுல ஆடு வாய் வச்சுருக்கும்ல. உங்களுக்கு எச்சி எலையவா வைக்க முடியும்?”

“எத்தன நாளா?”

“நீங்க வந்த நாள்லருந்துதான்.”

“பச்சத் துணி கட்டுன செடியா பாத்துப் பறிச்சீங்களா?”

“நீங்கதான கட்டி வச்சீங்க? செவப்புன்னா ஆகாது, பச்சன்னா ஆகும். பஸ் ஸ்டாண்டு வெளக்குல அப்புடித்தான இருக்கு? நானும் நெனச்சேன், டீச்சருக்கு எம்புட்டு அக்கறை, நம்ம கை கிழியக் கூடாதுன்னு அடையாளம் கட்டி வச்சுருக்காகன்னு.”

இரண்டு வருடம். வெள்ளிதோறும். சின்ன வாய், சுத்தமான வெட்டு, அபார மோப்பம். விலங்கைத் தேடி நான் எடுத்த குறிப்புகளையெல்லாம் அந்த விலங்குக்கே படித்துக் காட்டியிருக்கிறேன்.

“முயல்னு நான் சொன்னப்பவாவது வாயத் திறந்திருக்கலாமே?”

“நாலு எலை கிள்றதப் போயி நீங்க மேய்ச்சல்ம்பீகன்னு எனக்கென்ன டீச்சர் தெரியும்?”

நான் கத்தினேன். எழுத வேண்டியதில்லை என்று நினைத்தேன், ஆனால் எழுதத்தான் வேண்டும். “உங்களை நம்பிச் சாவியக் குடுத்ததுக்குப் பதிலா ஒரு ஆட்டையே உள்ள கட்டியிருக்கலாம்” என்றேன்.

அவர் அடுப்பை அணைத்தார். “கட்டியிருக்கலாம்தான். அதுவே உங்களுக்கு ரசமும் வச்சுக் குடுத்துருக்கும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வேலிச் சாவி மேசைமேல் கிடக்கிறது.

பிப்ரவரி 8, சனி

காலைப் பேருந்தில் திரும்பிவிட்டேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

செம்மணேரிக்குப் போகவில்லை. கடையில் தயிர்சாதப் பொட்டலம். ஊறுகாய் வைக்க மறந்துவிட்டான்.

பிப்ரவரி 21, வெள்ளி

முயல் அத்தியாயம் பன்னிரண்டு பக்கம் ஆயிற்று. படிக்க நன்றாகவே இருக்கிறது, யாரும் வந்து முயலை விசாரிக்கப் போவதில்லை. ஆனால் ‘முயல்’ என்று எழுதும்போதெல்லாம் லூர்தம்மாவின் விரல்தான் தெரிகிறது. கை வரவில்லை. பொட்டலம், லெமன்.

பிப்ரவரி 28, வெள்ளி

காலையில் பால்குடியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிக்கவில்லை, அதுவே பெரிது. “எத்தனை முறை, எந்தெந்த நாள், எவ்வளவு? பதிவு இருந்தால் அது தரவு மேடம். இல்லாவிட்டால் வெறும் கதை” என்றார். பதிவு ஏது என்று சொல்லிவிட்டு வந்தேன். பேருந்தில் பாதி வழியில்தான் உறைத்தது. இருக்கிறது. இந்த நோட்டும் போன வருட நோட்டும். எப்போது என்ன தின்றேன் என்று ஒன்று விடாமல் எழுதி வைத்திருக்கிறேன்.

மார்ச் 1, சனி

காலை ஒன்பது மணிக்குச் சமையல்கட்டு வாசலில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. “லூர்தம்மா, ஒரு தகவல் வேணும்” என்று ஆரம்பித்தேன்.

“ஆடு எங்கயாவது தகவல் சொல்லுமா?” என்றார் திரும்பாமல்.

அங்கேயே நின்றேன். பால் பொங்கியது, அடுப்பை நான் அணைத்தேன். தப்பு என்னுடையது, கத்தியிருக்கக் கூடாது என்றேன். மூன்று வாரமாகப் பொட்டலச் சோறு என்றும் சொன்னேன். அது எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். “அதான் கண்ணு உள்ள போயிருச்சு” என்றார்.

பிறகு உட்கார்ந்து நோட்டுகளைப் பிரித்தோம். இரண்டு வருடத்தில் நான் இங்கே இருந்த வெள்ளிகள் ஐம்பது. தூதுவளை வந்தவை முப்பத்து நான்கு. நான் தேதியைப் படிக்கப் படிக்க அவர் கணக்குச் சொன்னார். “அன்னைக்கு ரசம் மட்டும், ஒரு கையி. அது உங்களுக்குக் காச்சல் அடிச்ச வாரம், ரெண்டு கையி. தவக்காலத்துல தொவையலும் வச்சேன், மூணுன்னு போடுங்க.” என்னைவிட நல்ல ஞாபகம். சாட்சிக்கு என் எழுத்து வேறு இருக்கிறது.

“ஆனா ஒண்ணு கேக்குறேன். துணி கட்டுறதுக்கு முன்னாடி, மொத வாரம் எப்படிப் பறிச்சீங்க?”

“பாக்காமத்தான் பறிச்சேன். தொவையல்ல ஒரு முள்ளு கெடந்து உங்க அண்ணத்துல குத்திருச்சு. நீங்க ஆடுன ஆட்டம் இருக்கே! அதுலருந்துதான் முள்ளு இல்லாததா பாக்க ஆரம்பிச்சேன். உங்க வாய்க்குப் பயந்துதான் டீச்சர்.”

போன வருட நோட்டில் தேடினேன். இருக்கிறது. ‘துவையலில் முள். இனி இங்கே சாப்பிடுவதாக இல்லை.’ ஆக, வேலிக்குள் எந்தச் செடி காய்க்கலாம், எது காய்க்கக் கூடாது என்று இரண்டு வருடமாக முடிவு செய்தது லூர்தம்மாவின் விரல்கூட இல்லை, என் நாக்கு.

“உங்களுக்கு மட்டும்னா பறிப்பீங்களா?” என்றேன்.

“ஒத்த ஆளுக்கு யாரு ஒக்காந்து முள்ளு ஆய்வா? எனக்கு மோரு போதும்” என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

மத்தியானம் சோணை வீட்டுக்கும் போனேன். “முயல் கெடச்சுருச்சா டீச்சர்?” என்றார். கிடைத்துவிட்டது, உங்கள் ஆட்டுக்குச் சம்பந்தமில்லை, உங்களைத் திட்டியது தவறு என்றேன். ஆட்டிடமும் சொல்லிவிடச் சொன்னார்.

மார்ச் 8, சனி

வெளியே உள்ள எல்லாத் துணிகளையும் அவிழ்த்துவிட்டு, லூர்தம்மாவை வழக்கம் போல் பறிக்கச் சொன்னேன். நாற்பது இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு செடி. முப்பத்து மூன்று இடத்தில் முள் குறைந்ததையே தொட்டார். தண்டைப் பார்க்கக்கூட இல்லை, விரலைக் காம்பில் ஓட்டினார், அவ்வளவுதான். துணி இல்லாமலும் தேர்வு நடக்கிறது! வெயிலில் நான் ஒரு சின்னக் குதி குதித்தேன். யாரும் பார்க்கவில்லை, லூர்தம்மாவைத் தவிர. அவர் பறித்த நாற்பது பிடியையும் தராசில் நிறுத்தேன். நிறுத்ததை வீணாக்கக் கூடாது என்று துவையல் அரைத்தார். அரைத்ததை வீணாக்கக் கூடாது என்று நான் தின்றேன்.

மூல ஆவணம் என்பதால் இரண்டு நோட்டையும் பல்கலைக்கழகத்தில் காட்ட வேண்டுமாம். முதலில் வழிகாட்டி படிப்பார். பால்குடி என்று பத்தொன்பது இடத்தில் வருகிறது, எண்ணிவிட்டேன். மை அழிப்பான் வாங்கினேன். தரவில் கை வைப்பதா என்று அதைப் பைக்குள்ளேயே போட்டுவிட்டேன். திங்கட்கிழமை கொடுக்கிறேன். போகட்டும்.

மார்ச் 22, சனி

நோட்டு நேற்று திரும்பி வந்தது. அடைமொழி அவரைப் பாதித்ததாகத் தெரியவில்லை. ஓரத்தில் பென்சிலால் மூன்று குறிப்பு மட்டும்.

செப்டம்பர் 13-க்கு எதிரே: ‘அது தொங்கும் பூதான். இப்போதும் சொல்வேன்.’

ஜனவரி 10-க்கு எதிரே: ‘எனக்கு வயது முப்பத்தேழு. பதம் பொருந்தவில்லை.’

கடைசிப் பக்கத்தில்: ‘தூதுவளை நாட்களில் உங்கள் குறிப்பின் நீளம் சராசரி நாற்பத்தொரு வரி. மற்ற நாட்களில் நான்கு. இந்த மாறியை ஏன் ஆய்வில் சேர்க்கவில்லை?’

கீழே நான் எழுதினேன்: ‘தொடர்பு வேறு, காரணம் வேறு. மூன்றாம் ஆண்டுப் பாடத்தில் நடத்தினேன், நீங்கள் அன்று வகுப்புக்கு வரவில்லை.’

மார்ச் 31, திங்கள்

கொடுத்துவிட்டேன். மணி 4.40.

ஜூன் 20, வெள்ளி

வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பதால் லூர்தம்மா கடைசி வரிசையில், கஞ்சி போட்ட சேலையில். வெளித் தேர்வாளர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, “தாவர உண்ணிகள் பட்டியலில் முதலில் ‘மனிதர், இருவர்’, அடுத்துதான் ‘வெள்ளாடு’ என்று இருக்கிறது. பறித்தவர் ஒருவர் என்று புரிகிறது. இன்னொருவர்?” என்றார்.

“நான்தான்” என்றேன்.

அரங்கம் சிரித்தது. என் மாணவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. “பறித்தவருக்கு, தான் ஒரு சோதனையில் இருப்பது தெரியுமா?” என்று அடுத்த கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பதில் வந்தது: “எனக்கும் தெரியாது, டீச்சருக்கும் தெரியாதுங்க சார்.” தேர்வாளர் அதைக் குறித்துக்கொண்டார். நிலவழகன் மேசைக்குக் கீழே குனிந்து எதையோ தேடினார், தோள் குலுங்கியது. கடைசியில் எழுந்து, “முனைவர் மங்கையர்க்கரசி” என்று வாசித்தபோது என் கண் நிறைந்துவிட்டது. சளி என்று சொல்லிக்கொண்டேன்.

மாலை ஒன்றாகவே செம்மணேரிக்கு வந்தோம். அறையில் என் சாமான் இரண்டு பைதான். லூர்தம்மா வாசலில் நின்று, “அப்ப இன்னைக்கே காலி பண்றீகளா?” என்றார். அறைச் சாவியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

பின்பக்கம் முகம் கழுவப் போனேன். துவைகல்லுக்குப் பக்கத்தில், ஆய்ந்த குப்பையை அவர் கொட்டும் இடத்தில் பதினோரு தூதுவளைக் கன்று. இலைகளோடு வந்த பழத்திலிருந்து விழுந்த விதை, எல்லாமே பச்சைத் துணிச் செடிகளின் பிள்ளைகள். உட்கார்ந்து பார்த்தேன். எட்டுக்கு முள் குறைவு. இரண்டுக்கு நடுத்தரம். ஒன்றுக்கு மட்டும் அடியிலிருந்து நுனி வரை முள், யார் சொல்லையும் கேட்காமல்.

“லூர்தம்மா, இந்த ரூம் எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் வேணும்.”

“எதுக்கு? அதான் டாக்டர் ஆயிட்டீகளே?”

“அடுத்த தலைமுறை முளைச்சுருக்கு. காய்க்கிற வரைக்கும் எண்ணணும். ஆய்வுக்குத்தான்.”

அவர் என்னையும் பார்த்தார், முள் கன்றையும் பார்த்தார். “துணி கிழிக்கணுமா?”

“வேணாம்” என்றேன். “இத மட்டும் பறிக்காதீங்க.”

“அதயெல்லாம் எவ தொடுவா?” என்று சொல்லிக்கொண்டே சாவியைப் பழைய ஆணியில் மாட்டிவிட்டு, முறத்தை எடுத்துக்கொண்டு காட்டுப் பக்கம் நடந்தார். நானும் கூடவே போய்ப் பறித்தேன். பறிக்க எனக்குத் தெரியவில்லை, கையெல்லாம் கீறல். துவையல் அருமை, பூண்டு கூடுதல். அக்காவுக்குப் போன் செய்தேன்.

இந்தக் குறிப்பு எத்தனை வரி என்று யாரும் எண்ண வேண்டாம்.